மார்க்கெட்ரி வெனியரில் பசை மேலே ஊறி வருவதைத் தடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல நாள் உட்கார்ந்து துண்டு துண்டாக வெட்டி, இணைத்து, டேப் ஒட்டித் தயார் செய்த வெனியர் (மெல்லிய மரத் தகடு) படத்தைப் பலகைமேல் பசை பூசி ஒட்டி, பிரஸ்ஸில் (அழுத்தும் கருவியில்) வைத்து மறுநாள் எடுத்தால், முகத்தில் அங்கங்கே பசை பூத்திருக்கிறது. மார்க்கெட்ரி, அதாவது பல நிற வெனியர் துண்டுகளை இணைத்துப் படம் ஆக்கும் வேலை, செய்கிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது இதைப் பார்த்திருப்பார்கள். நானும் பலமுறை பார்த்துவிட்டேன். இதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு என் பதில்கள் இங்கே.

பசை ஊறல் என்று எதைச் சொல்கிறீர்கள்?

வெனியருக்கும் பலகைக்கும் நடுவில் இருக்க வேண்டிய பசை, அழுத்தம் தாங்காமல் வெனியரின் மரத்துளைகள் வழியாகவோ துண்டுகள் சேரும் இடைவெளி வழியாகவோ முகப்புக்கு ஏறி வருவதைத்தான். சில சமயம் பளபளப்பான திட்டாகத் தெரியும். சில சமயம் குண்டூசி முனை அளவுப் புள்ளிகளாக வரும். சில சமயம் கண்ணுக்கே தெரியாது, அதுதான் ஆபத்தானது.

எடுத்தபோது சுத்தமாகத்தான் இருந்தது. பாலிஷ் போட்டதும் வெளிறிய திட்டுகள் வந்துவிட்டனவே?

அந்தத் திட்டு புதிதாக வந்ததில்லை. உப்புத்தாளில் தேய்த்தபோது மேலே இருந்த பசை போனது, துளைக்குள் இறங்கியது தங்கிவிட்டது. காய்ந்த வெள்ளைப் பசை சாயத்தையும் எண்ணெயையும் உள்ளே விடாது. சுற்றியுள்ள மரம் நிறம் ஏறிக் கறுக்கும்போது பசை பிடித்த இடம் மட்டும் வெளிறி நிற்கும்.

பாலிஷுக்கு முன்பே கண்டுபிடிக்க ஒரு வழி: டர்பன்டைன் அல்லது தின்னரில் துணியை நனைத்து முகப்பு முழுக்க ஒரு தடவை துடையுங்கள். மரம் ஈரமாகி நிறம் ஆழமாகும், பசை இருக்கும் இடம் அப்படியே நிற்கும். ஆவியாகும் முன் பென்சிலால் லேசாகக் குறித்துக்கொள்ளுங்கள். புற ஊதா டார்ச் இருந்தால் இருட்டறையில் அடித்துப் பாருங்கள். பல பசைகள் மரத்தைவிட வெளிர் நீலமாக ஒளிரும்.

முழு வெனியர் ஒட்டும்போது வராத தொல்லை, மார்க்கெட்ரியில் மட்டும் ஏன் வருகிறது?

முழு வெனியரிலும் வரும், குறைவாக வரும். மார்க்கெட்ரியில் பசைக்குக் கூடுதல் வாசல்கள் கிடைக்கின்றன.

முதலாவது, வெட்டுக் கோடு. நுண் ரம்பத்தால் அறுத்தால் தகட்டின் தடிமன் அளவுக்கு, ஏறக்குறைய கால் மில்லிமீட்டர், இடைவெளி விழுகிறது. ஒரு பூவின் இதழ்களை எண்ணிப் பாருங்கள், ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வாய்க்கால். அடியில் அழுத்தம் ஏறியதும் பசை போக முதலில் தேடும் வழி அதுதான்.

இரண்டாவது, ஒரே படத்தில் பலவகை மரங்கள். மேப்பிள் மாதிரி நெருக்கமான மரத்துக்குப் பக்கத்தில் வெங்கே மாதிரிப் பெரிய துளை உள்ள மரம் உட்கார்ந்திருக்கும். பலகையில் பூசும் பசை மேப்பிளுக்குச் சரியாக இருந்தால் வெங்கேவுக்கு அதிகமாகிவிடும். என் ஆரம்ப காலப் படம் ஒன்றில் மரத்தின் அடிப்பகுதிக்கு வெங்கே வைத்தேன். மறுநாள் பார்த்தால் கறுப்பு மரத்தின்மேல் யாரோ மாவு தூவியது போல வெள்ளைப் புள்ளி. வானத்துக்கு வைத்த மேப்பிளில் ஒரு கறைகூட இல்லை.

மூன்றாவதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. துண்டுகளின் தடிமன் வித்தியாசம். 0.6 மில்லிமீட்டர் என்று வாங்கினாலும் ஒரு மரம் 0.55 இருக்கும், இன்னொன்று 0.7 இருக்கும். பிரஸ்ஸில் தடித்த துண்டு முழு அழுத்தத்தையும் வாங்கும். அதன் அடியில் இருந்த பசை பிதுங்கி, மெல்லிய துண்டின் அடியில் போய்த் தேங்கும். தேங்கிய பசை மேலே வரப் பார்க்கும்.

எந்த மரங்களில் அதிகம் எதிர்பார்க்கலாம்?

ஓக், ஆஷ், வெங்கே, மஹோகனி மாதிரித் துளை திறந்தவை எல்லாம். அதைவிட மோசம் மரக்கழலையிலிருந்து வரும் பர்ல் வெனியர். அதில் மரத்தின் நார் ஓடும் ரேகை ஒரே திசையில் ஓடாது, பாதி இடத்தில் மரத்தின் குறுக்குவெட்டு முகமே மேலே தெரியும். அதாவது, திறந்த குழாய்கள் நேராக அடியிலிருந்து முகப்புக்கு. நெருக்கமான ரேகை உள்ள ஹாலி, மேப்பிள், கருங்காலி ஆகியவற்றில் துளை வழியாக ஊறுவது அரிது. வெட்டுக் கோட்டில் மட்டும் கவனமாக இருந்தால் போதும்.

பசை எவ்வளவு பூச வேண்டும்?

இந்தப் பக்கம் முழுவதிலும் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். ஊறலில் பெரும்பகுதி பசை அதிகமானதால் வருவது. பசை போதாமல் வெனியர் எழும்பிவிடுமோ என்ற பயத்தில் கை தாராளமாகிவிடுகிறது.

வெள்ளைப் பசைக்கு ஈரமாக இருக்கும்போது 0.15 மில்லிமீட்டர் தடிமன் படலம் என்பது நல்ல தொடக்கம். ஒரு சதுர மீட்டருக்கு 150 மில்லி வரும். 30 க்கு 30 சென்டிமீட்டர் பலகைக்குக் கணக்குப் போட்டால் 13, 14 மில்லிதான். மூன்று தேக்கரண்டிக்கும் குறைவு. முதல் தடவை அளந்து ஊற்றிப் பாருங்கள், இது எப்படிப் போதும் என்று தோன்றும். போதும்.

பூசுவதற்குப் பிரஷ் வேண்டாம். பிரஷ் கோடு போடும், கோட்டின் மேட்டில் பசை தேங்கும். குட்டையான நுரை ரோலர் நல்லது. ரோலரே பசையைக் குடிக்கும் என்பதால் முதலில் அதை ஊறவிட்டு, பிறகு பலகைக்கு அளந்த பசையை எடுங்கள். பூசி முடித்ததும் பலகையை வெளிச்சத்துக்கு எதிராகச் சாய்த்துப் பாருங்கள். எல்லா இடமும் ஈரமாக மின்ன வேண்டும், எந்த இடத்திலும் குட்டை நிற்கக் கூடாது. அடியில் இருக்கும் பலகையின் நிறம் மங்கலாகத் தெரிந்தால் அளவு சரி.

அப்புறம் உடனே வெனியரை வைக்க வேண்டாம். பசையின் ஓட்டம் கொஞ்சம் அடங்கட்டும். விரலால் தொட்டால் வழுக்காமல் லேசாகப் பிடித்து இழுக்கும் நிலை வந்ததும் வையுங்கள். அது இரண்டு நிமிடமா ஐந்து நிமிடமா என்பதை அன்றைய வெப்பமும் காற்றும் தீர்மானிக்கும். மேலே தோல் கட்டும் வரை விட்டால் ஒட்டாது. அந்த எல்லையைக் கழிவுத் துண்டுகளில் பழகிக்கொள்ளத்தான் வேண்டும்.

வெனியரின் முதுகிலும் கொஞ்சம் பூசினால் இன்னும் நன்றாக ஒட்டாதா?

வேண்டாம். பலகையில் மட்டும் பூசுங்கள். முதுகில் ஈரம் பட்ட நொடியிலிருந்து வெனியர் விரியவும் சுருளவும் தொடங்கும், துண்டுகள் இடம் மாறும், வெட்டுக் கோட்டுக்குள் நீங்களே பசையைத் தள்ளிவிடுவீர்கள்.

எந்தப் பசை குறைவாக ஊறும்?

கெட்டியான பசை மெதுவாக ஓடும், நீர்த்த பசை வேகமாக ஓடும். இதை வைத்தே பாதி முடிவு எடுக்கலாம்.

சாதாரண வெள்ளை, மஞ்சள் பிவிஏ பசைகள் கைக்கு எளிது, ஆனால் ஊறிய பிறகு எடுப்பது கடினம். வெனியருக்கென்றே விற்கும் குளிர் பிரஸ் பசையும் பிவிஏ குடும்பம்தான். அதில் மாவு போன்ற நிரப்பியைக் கலந்திருப்பார்கள், அது துளையை அடைத்து ஊறலைக் குறைக்கும். பிவிஏ காய்ந்த பிறகும் கொஞ்சம் நெகிழ்ச்சியாகவே இருக்கும். வருடக்கணக்கில் துண்டுகள் மயிரிழை அளவு நகரக்கூடும் என்பதால் பெரிய படங்களுக்கு நான் அதை விரும்புவதில்லை.

யூரியா ஃபார்மால்டிஹைடு பசை தூளாக வரும், தண்ணீரில் கலப்போம். காய்ந்தால் கண்ணாடி மாதிரி இறுகும், நகராது. கெட்டித்தன்மை உங்கள் கையில் இருக்கிறது, நிறமும் சேர்க்கலாம். ஆனால் ஊறிவிட்டால் எந்தத் தண்ணீருக்கும் கரையாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். ஃபார்மால்டிஹைடு ஆவி நல்லதில்லை. காற்றோட்டம், கையுறை, தூளைக் கலக்கும்போது முகமூடி மூன்றும் வேண்டும். வேலையிடம் குளிர்ந்து கிடந்தால் சரியாக இறுகாது.

வச்சிரம், அதாவது விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் பழைய பசை, ஊறத்தான் செய்யும். ஆனால் வெதுவெதுப்பான ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும், கொஞ்சம் தங்கினாலும் ஷெல்லாக் (ஆல்கஹாலில் கரைத்த அரக்கு) பாலிஷுக்கு அடியில் அவ்வளவாகத் தெரியாது. பழைய மார்க்கெட்ரிக் கைவினைஞர்கள் இதையே வைத்துச் சமாளித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தண்ணீரில் ஊறவைத்து 60 டிகிரி செல்சியஸ் அளவில் உருக்குங்கள், கொதிக்க விட்டால் பலம் போய்விடும். ஆறினால் ஜெல்லியாகிவிடும், ஜெல்லி ஓடாது. சூடான பலகை வைத்து அழுத்தினால் மட்டும் மறுபடி இளகி ஓடும், அந்த நேரத்தில் கவனம்.

பாலியூரிதேன் பசை நுரைத்துப் பொங்கும். நுரை எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே போகும். மார்க்கெட்ரிக்கு அதை எடுக்கவே எடுக்காதீர்கள்.

பசைக்கு நிறம் சேர்த்தால் ஊறினாலும் தெரியாதே?

ஒரே மரத்தால் ஆன வெனியருக்கு இது அருமையான வழி. வால்நட்டுக்குப் பழுப்பு, வெங்கேவுக்குக் கறுப்பு என்று உலர்ந்த நிறத்தூளைப் பசையில் கலந்துவிட்டால் போதும்.

மார்க்கெட்ரியில் கதை வேறு. வெள்ளை ஹாலியும் கறுப்பு வெங்கேவும் ஒரே படத்தில் இருந்தால் பசைக்கு எந்த நிறம் கொடுப்பீர்கள்? கறுப்பாக்கினால் ஹாலியைச் சுற்றி அழுக்குக் கோடு விழும். வெள்ளையாக விட்டால் வெங்கேவில் மாவு. நடுத்தரமான பழுப்பு இரண்டையும் கொஞ்சம் கெடுக்கும். வெளிர் மரத்துக்கு ஏற்ப நிறமில்லாமல் பசையை வைத்துக்கொண்டு, கறுப்பு மரத்தின் துளைகளைப் படத்தில் சேர்க்கும் முன்பே அடைத்துவிடுவதுதான் என் வழி. கறுப்பு நிறத்தூள் கலந்த மரநிரப்பியை அந்தத் துண்டின் முகத்தில் தேய்த்து, துளைக்குள் போனதை விட்டு மேலே இருப்பதைத் துடைத்து, முழுதும் உலரவிட்டுத்தான் வெட்ட வேண்டும்.

வெட்டுக் கோடுகளை முன்கூட்டியே அடைக்க முடியுமா?

முடியும். பிரெஞ்சு முறையில் வேலை செய்கிறவர்கள் செய்வது அதுதான். ஒரு பலகைமேல் தடித்த பழுப்புத் தாளை இழுத்து ஒட்டிக்கொள்வார்கள். படத் துண்டுகளை முகம் கீழாக, வச்சிரம் தடவி, அந்தத் தாளின்மேல் ஒவ்வொன்றாகப் பொருத்துவார்கள். படம் முழுமையானதும், முதுகு மேலே பார்த்தபடி இருக்கும். மிக நுண்ணிய மரத்தூளை வச்சிரத்தில் குழைத்த கலவையை முதுகு முழுக்கத் தேய்ப்பார்கள். அது எல்லா வெட்டுக் கோட்டிலும் இறங்கி இறுகும். காய்ந்ததும் முதுகைச் சுரண்டிச் சமமாக்கி, அதற்குப் பிறகுதான் பலகையில் ஒட்டுவார்கள். ஒட்டியதும் முகத்தில் இருக்கும் தாளை வெதுவெதுப்பான ஈரத்தால் இளக்கி உரித்துவிடலாம்.

இதில் மூன்று லாபம். கோடு அடைபட்டதால் பசை ஏறாது. கோட்டின் நிறத்தை நீங்களே தேர்ந்தெடுக்கிறீர்கள். தடிமன் வித்தியாசம் சுரண்டும்போதே முதுகில் சரியாகிவிடுகிறது. நேரம் அதிகம் ஆகும், மறுக்கவில்லை. ஆனால் நான் இந்த முறைக்கு மாறிய பிறகு முகத்தைச் சுத்தம் செய்யும் நேரம் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது.

இன்னொரு வழி, கோடே விழாமல் வெட்டுவது. இரண்டு வெனியரை அடுக்கி, ரம்ப மேசையை ஏறக்குறைய 10 டிகிரி சாய்த்து அறுத்தால், மேல் துண்டு கீழ்த் துண்டின் ஓட்டைக்குள் ஆப்பு மாதிரி இறுகி உட்காரும். சரியான சாய்வு வெனியரின் தடிமனையும் ரம்பத் தகட்டையும் பொறுத்தது, கழிவில் வெட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். கத்தியால் ஜன்னல் வெட்டி உள்ளே துண்டு பொருத்தும் முறையிலும் இடைவெளி மிகக் குறைவு.

முதுகில் ஷெல்லாக் அடித்து அடைத்துவிட்டால்?

பசை பிடிக்க மரம் வேண்டும், ஷெல்லாக் படலம் அல்ல. முதுகில் அடிக்காதீர்கள். ஒட்டு பலவீனமாகும்.

முகத்தில் மிக நீர்த்த ஷெல்லாக் ஒரு கை அடிப்பது வேறு விஷயம். துளை விளிம்பில் படலம் கட்டும், ஊறி வந்த பசையும் மரத்தைப் பிடிக்காமல் படலத்தின்மேல் நிற்கும், சுரண்ட எளிது. ஆனால் பிறகு தண்ணீர்ச் சாயம் போட எண்ணியிருந்தால் இது வேண்டாம். படூக் மாதிரி நிறம் விடும் மரம் படத்தில் இருந்தால் ஷெல்லாக்கில் இருக்கும் ஆல்கஹால் அந்தச் சிவப்பைக் கரைத்துப் பக்கத்து வெளிர் மரத்தில் இழுத்துவிடும். அதைப் பசைக் கறை என்று நினைத்து நான் ஒரு மாலை முழுவதும் சுரண்டியிருக்கிறேன்.

பர்ல் வெனியருக்கு மட்டும் தனியாக ஏதாவது செய்யலாமா?

படத்தில் சேர்க்கும் முன்பே அதன் முதுகில் மெல்லிய தாளையோ மெல்லிய வெனியரையோ ஒட்டித் தட்டையாக அழுத்திக் காயவிடுங்கள். அந்தக் கட்டத்தில் பர்ல் தனியாக இருப்பதால், ஊறல் வந்தாலும் நிம்மதியாகச் சுரண்டலாம். அதன் பிறகு தாள் ஒரு தடுப்பாக நிற்கும். தடிமன் கூடும் என்பதை மறக்காமல் மற்றத் துண்டுகளையும் அதற்கேற்பச் சமன்செய்யுங்கள்.

அழுத்தத்தைக் குறைத்தால் ஊறாது அல்லவா?

குறைவான அழுத்தத்தில் பசை தடித்து நிற்கும், வெனியர் சில இடங்களில் பலகையைத் தொடாமல் கொப்புளமாகும். அளவான பசையும் முழு அழுத்தமும்தான் சரி. அதிகப் பசைக்கு மருந்தாக அழுத்தத்தைக் குறைப்பது வேலைக்கு ஆகாது.

வாக்குவம் பையில் (உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி அழுத்தும் பை) அழுத்தம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழும், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.8 கிலோ அளவில். குறைவாகத் தெரியும், ஆனால் 30 க்கு 30 பலகைக்கு மொத்தம் 720 கிலோ. கிளாம்ப் போடுகிறவர்களுக்குத்தான் சிக்கல்: கிளாம்ப் நிற்கும் இடத்தில் அழுத்தம் குவியும், ஓரத்தை முதலில் இறுக்கினால் நடுவில் பசை சிறைப்பட்டு மேலே ஏறும். தடித்த பலகை வையுங்கள், நடுவில் லேசாகப் புடைத்த குறுக்குக் கட்டைகளைப் போடுங்கள், நடுவிலிருந்து ஓரத்துக்கு இறுக்கிக்கொண்டு போங்கள்.

வெனியருக்கும் மேல் பலகைக்கும் நடுவில் என்ன வைப்பது?

பிளாஸ்டிக் தாள் பசையைப் பிடிக்காது, ஆனால் ஈரத்தையும் வெளியே விடாது. அச்சடிக்காத செய்தித்தாள் ஈரத்தைக் குடிக்கும், ஊறல் வந்தால் ஒட்டிக்கொள்ளும். நான் படத்தின்மேல் அச்சடிக்காத தாள் நாலைந்து வைத்து, அதன்மேல் பிளாஸ்டிக், அதன்மேல் பலகை. தாள்கள் மெத்தை மாதிரி இருந்து தடிமன் வித்தியாசத்தையும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மெழுகுத்தாள் சூட்டில் மெழுகை மரத்துக்கு விடும், பிறகு பாலிஷ் பிடிக்காது.

வெனியர் டேப் முகத்தில் ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்கிறது.

அடியில் பசை ஊறியிருக்கிறது. டேப் துளை போட்டதாக இருந்தால் ஒவ்வொரு துளையிலும் ஒரு புள்ளி நிற்கும். துளை இல்லாத மெல்லிய டேப்பை, அதுவும் குறைவாக, ஒட்டுங்கள். ஒட்டிக்கொண்டதை ஈரம் வைத்து ஊறவிட்டு ஸ்கிரேப்பரால் (சுரண்டும் தகட்டால்) ரேகையோடு தள்ளுங்கள், பிய்த்து இழுக்காதீர்கள்.

இஸ்திரிப் பெட்டியால் ஒட்டினால்?

பலகையிலும் வெனியரிலும் வெள்ளைப் பசை பூசி, காயவிட்டு, சூட்டில் இளக்கி ஒட்டும் முறை அது. ஈரம் இல்லாததால் ஊறல் குறைவுதான். ஆனால் சூட்டில் வெனியர் சுருங்கி வெட்டுக் கோடுகள் வாய் திறக்கும். சிறு அலங்காரத் துண்டுகளுக்குச் சரி, முழுப் படத்துக்கு வேண்டாம்.

ஊறிவிட்டது. இப்போது என்ன செய்வது?

எந்தப் பசை என்பதையும் எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதையும் பாருங்கள். வச்சிரம் என்றால் வெதுவெதுப்பான ஈரத்துணி, அவ்வளவுதான். பிவிஏ என்றால் பிரஸ்ஸிலிருந்து எடுத்த அன்றே செய்துவிடுங்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கொஞ்ச நேரம் வைத்தால் பசை வெளுத்து இளகும். பழைய பல்துலக்கியால் ரேகையோடு தேய்த்துத் துடைத்து எடுங்கள். பிடிவாதமாக நின்றால் வெதுவெதுப்பான வெள்ளை வினிகர். தண்ணீரைத் தேங்க விடாதீர்கள், அடியில் இருக்கும் ஒட்டும் அதே பசைதான். யூரியா என்றால் கூர்மையான ஸ்கிரேப்பர் மட்டும்.

உப்புத்தாளை எடுக்கும் முன் இரண்டு தடவை யோசியுங்கள். 0.6 மில்லிமீட்டரில் தேய்க்க இடம் கிடையாது. கறுப்பு மரத்தின் தூள் வெளிர் மரத்தின் துளைக்குள் இறங்கிப் படத்தையே அழுக்காக்கும். தேய்த்தே ஆக வேண்டுமென்றால் முதலில் நீர்த்த ஷெல்லாக் ஒரு கை அடித்து, காய்ந்த பிறகு தேயுங்கள்.

நீலக் கறுப்பாக ஒரு கறை. இதுவும் பசையா?

பெரும்பாலும் இல்லை. ஓக், வால்நட் போன்ற மரங்களில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் உண்டு. பசையின் ஈரத்தோடு இரும்பு சேர்ந்தால், ஒரு கிளாம்ப் துரு போதும், அந்த இடம் கறுத்துவிடும். பசையைச் சுரண்டுவதால் போகாது. ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் வெளுக்கும். அது விஷம், கையுறையோடு தடவி, பிறகு பல தடவை தண்ணீரால் துடைத்தெடுக்க வேண்டும், காய்ந்த தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. கிளாம்புக்கும் மரத்துக்கும் நடுவில் எப்போதும் பிளாஸ்டிக் இருந்தால் இந்த வேலையே இல்லை.

பிரஸ்ஸில் வைக்கும் முன் ஒரே ஒரு சோதனை செய்ய நேரம் இருக்கிறது. எது?

படத்தில் இருப்பதிலேயே துளை பெரிய மரத்தையும் நெருக்கமான வெளிர் மரத்தையும் எடுத்து, நடுவில் ஒரு வெட்டுக் கோடு வருமாறு உள்ளங்கை அளவில் இணையுங்கள். அதே பசை, அதே ரோலர், அதே காத்திருப்பு, அதே அழுத்தம். காய்ந்ததும் டர்பன்டைன் துடைத்துப் பாருங்கள், ஒரு மூலையை உளியால் கிளப்பியும் பாருங்கள். வெனியர் உரியாமல் மரம் கிழிந்து வந்தால் ஒட்டு சரி. முகத்தில் திட்டு இருந்தால் அடுத்த துண்டில் பசையைப் பத்தில் ஒரு பங்கு குறையுங்கள்.

தினமும் படம் செய்கிறவர்கள்கூடப் புது வெனியர் கட்டு பிரிக்கும்போது இதைச் செய்வது நல்லது. ஒரே மரம், ஒரே தடிமன் என்றாலும் கட்டுக்குக் கட்டு மாறும்.